பெடல் ஸ்டீல் கிட்டார்ல ஸ்கேல் பழகுறது: பாம்பன் பக்கத்துப் பசங்க என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்குற கேள்விகள்

நான் தங்கச்சிமடத்துல விசைப்படகு இன்ஜின் வேலை பாக்குறவன். வாத்தியார் எல்லாம் கிடையாது. மச்சான் அமெரிக்காவுல இருந்து வரும்போது ஒரு பழைய பெடல் ஸ்டீலை பெட்டியோட தூக்கிட்டு வந்தாரு, அது வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை பூசையில வாசிக்கிறதைப் பாத்துட்டு கீபோர்டு பசங்க, கிட்டார் பசங்க, மண்டபம் ஊர்ல இருந்து ரெண்டு பேர் எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் போன்ல தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

அண்ணே, முதல்ல இது என்ன, டைப்ரைட்டர் மேசை மாதிரி இருக்கு?

மேசை மாதிரிதான் இருக்கும். 10 கம்பி. இடது கையில உருண்டையான ஒரு இரும்பு பார், அதை கம்பி மேல வச்சு நகத்தணும், கம்பிய அழுத்தவே கூடாது. வலது கையில கட்டைவிரலுக்கு ஒண்ணு, மத்த ரெண்டு விரலுக்கு ரெண்டுன்னு பிக் மாட்டிக்கணும். இடது காலுக்கு மூணு பெடல், வலது காலுக்கு வால்யூம் பெடல், போதாததுக்கு ரெண்டு முட்டியாலயும் தள்ளுறதுக்கு லிவர். அதை எல்லாரும் 'நீ லிவர்'னுதான் சொல்லுவாங்க, ஆனா அப்படிச் சொன்னா "நான் என்னண்ணே பண்ணேன்"னு கேக்குறானுங்க, அதனால நான் முட்டி லிவர்னே சொல்றேன்.

கிட்டார் கம்பி மேல இரும்பை வச்சு இழுக்குற பழக்கம் 19-ஆம் நூற்றாண்டு கடைசியில ஹவாய்த் தீவுல வந்தது, கண்டுபிடிச்சவர்னு ஜோசப் கெக்கூக்கு பேரைத்தான் சொல்லுவாங்க. பெடலு அதுக்கு ரொம்பப் பின்னாடி. கம்பி ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே பெடலை மிதிச்சு ஸ்வரத்தை வளைக்கிற சத்தத்தை 1954-ல பட் ஐசக்ஸ்ங்கிறவர் வாசிச்ச ரெக்கார்டுல கேட்டுட்டு, அமெரிக்காவுல பாட்டு ரெக்கார்டு பண்ற நாஷ்வில் ஊர்ல எல்லாரும் ஸ்டீல் கிட்டாருக்கு பெடல் மாட்ட ஆரம்பிச்சாங்க. நமக்கு இது ஒண்ணும் அந்நியம் இல்ல, நம்ம கோட்டுவாத்தியமும் மெட்டு (ஃப்ரெட்டு) இல்லாம கட்டையை வச்சு இழுக்குறதுதான். கால் வேலை ஒண்ணுதான் புதுசு.

கிட்டார்ல ஸ்கேல் தெரியும், அப்படியே இதுல வாசிக்க முடியலையே, பார் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடியே நேரம் போகுது?

எல்லாரும் மாட்டிக்கிற எடம் இதுதான், நானும் எட்டு மாசம் இதுலயே கிடந்தேன். கிட்டார் பழக்கத்துல ஒரே கம்பியில ச ரி க மன்னு ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட்டு ஓடுவோம். இதுல பாரை ஒரு எடத்துல வச்சுட்டு நகத்தாமலே முழு ஸ்கேலும் வாசிக்கலாம், அதுக்குத்தான் பெடலே இருக்கு. ஸ்கேல் கையில இல்ல தம்பி, காலுல இருக்கு.

கம்பிங்களுக்கு நான் வச்சிருக்குற சுதி வரிசைக்கு இ9 ட்யூனிங்னு பேரு, அதுல நமக்குத் தூரமா இருக்குறதுதான் 1-ஆம் கம்பி. அங்க இருந்து வரிசையா எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ, டி, பி. பெடலுங்களுக்கும் ஏ, பின்னுதான் பேரு, அதை ஸ்வரத்தோட போட்டுக் குழப்பிக்காதீங்க. ஏ பெடலை மிதிச்சா 5, 10 ரெண்டும் பி-ல இருந்து சி ஷார்ப்புக்கு ஏறும். பி பெடலை மிதிச்சா 3, 6 ரெண்டும் ஜி ஷார்ப்ல இருந்து ஏ-வுக்கு ஏறும். பெடலை இந்த வரிசையில மாட்டுறதுக்கு எமன்ஸ் செட்டப்னு பேரு. டே செட்டப்னு இன்னொண்ணு இருக்கு, அதுல பெடல் வரிசை தலைகீழ். வாங்குறதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு பாத்துக்கோங்க.

இப்ப பாரை 3-ஆவது ஃப்ரெட்ல வைங்க. அது ஜி, நம்ம சுதிக் கணக்குல 5 கட்டை. ச 8-ஆம் கம்பி, ரி 7, க 6, அதே 6-ஐ பி பெடலோட வாசிச்சா ம, ப 5, அதே 5-ஐ ஏ பெடலோட வாசிச்சா த, நி 2-ஆம் கம்பி, மேல் ச 4. அவ்வளவுதான், முழு சங்கராபரணம், அதாவது மேஜர் ஸ்கேல், பார் ஒரு இம்மி நகரல. மேல போகணும்னா ரி 1-ல, க 3-ல, ம அதே 3-ல பி பெடலோட. கீழ போகணும்னா 10 பஞ்சமம், 10 ஏ பெடலோட தைவதம், 8-ஆம் கம்பிய அரை ஸ்வரம் இறக்குற முட்டி லிவரோட வாசிச்சா நிஷாதம்.

இதுல ஒரு கிறுக்கு எடம் இருக்கு, 5-ல இருந்து 2-க்குத் தாவி திரும்ப 4-க்கு வரணும். 1, 2 கம்பி ரெண்டும் வரிசையில சேராது, ஸ்டீல் வாசிச்ச பட்டி எமன்ஸ் (அந்த செட்டப் இவர் பேருதான்) பின்னாடி சேத்த கம்பிங்க அது. முதல் மாசம் பூரா கை 3-ல போயி முட்டும், சத்தம் கேவலமா வரும். அந்த மூணு கம்பிய மட்டும் தனியா எடுங்க, 5 கட்டைவிரல், 2 நடுவிரல், 4 ஆள்காட்டி விரல், திரும்பத் திரும்ப. முழு ஸ்கேலை நூறு தடவை ஓட்டுறதை விட இந்தத் தாவலை நூறு தடவை போட்டா பலன் ஜாஸ்தி.

பெடலை எப்ப மிதிக்கிறது, கம்பிய மீட்டுறதுக்கு முன்னாடியா பின்னாடியா?

ரெண்டும் பழகணும், தனித்தனியா. ஒரு நாள் பெடலை மிதிச்சுட்டு அப்புறம் மீட்டுங்க, க-வும் ம-வும் படிக்கட்டு மாதிரி தனித்தனியா கேக்கும். மறுநாள் க-வை மீட்டிட்டு ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே மெதுவா மிதிங்க, ம-வுக்கு வழுக்கிட்டுப் போகும், எல்லாரும் மயங்குறது இந்தச் சத்தத்துலதான். ஆனா சொகமா இருக்குன்னு இதையே பழகுனா அப்புறம் சுத்தமா ஒரு ம வாசிக்க வராது. கீழ நடக்குறது இன்ஜின் ஆக்சிலேட்டர் மாதிரிதான், பெடல்ல இருந்து ராடு, ராடுல இருந்து ஒரு கிராங்கு, அது கம்பிய இழுக்கும். கடைசி வரைக்கும் மிதிச்சு ஸ்டாப்ல முட்டணும், முக்கால்வாசி மிதிச்சா முக்கால்வாசி ஸ்வரம்தான் வரும். புதுசா வர்றவங்க வாசிக்கிற ம எல்லாம் கொஞ்சம் தணிஞ்சு கேக்குறதுக்குப் பாதிக் காரணம் பயந்து பயந்து மிதிக்கிறதுதான்.

5 கட்டை மட்டும்தானா, வேற சுதிக்கு என்ன பண்றது?

பாரை நகத்துங்க, அவ்வளவுதான். பார் இல்லாம இ, அதாவது 3 கட்டை. 8-ஆவது ஃப்ரெட்ல சி, 1 கட்டை. 10-ல டி, 2 கட்டை. கம்பி எண்ணும் பெடலும் மாறவே மாறாது.

ஆனா ஒரே சுதிக்கு இன்னொரு வீடும் இருக்கு. ஏ, பி ரெண்டையும் சேத்து மிதிச்சா 10-ஆவது ஃப்ரெட்ல ஜி கார்டு வரும். அங்க ச 6-ஆம் கம்பி பி பெடலோட, ரி வெறும் 5, க 5 ஏ பெடலோட, ம-வுக்கு 2-ஆம் கம்பிய முட்டி லிவரால அரை ஸ்வரம் இறக்கணும், ப 4, த 1, நி வெறும் 3, மேல் ச 3 பி பெடலோட. அந்த லிவர் பாதி தூரத்துல ஒரு தட்டு தட்டும், அங்கயே நிக்கணும், அதைத் தாண்டித் தள்ளுனா இன்னும் அரை ஸ்வரம் இறங்கிப்போயி ரி-யும் இல்லாம ம-வும் இல்லாம க-வுல வந்து நிக்கும். மூணாவதா 6-ஆவது ஃப்ரெட்ல ஏ பெடலும் நாலாங்கம்பிய ஏத்துற லிவரும் சேந்தா அங்கயும் ஜி கார்டு. 3, 6, 10, அப்புறம் ஒரு ஸ்தாயி தள்ளி 15. முதல் ஆறு மாசம் 3-உம் 10-உம் போதும்.

மேஜர் ஸ்கேல் வந்துருச்சு, நம்ம ராகம் ஏதாவது?

மோகனம் எடுங்க, வேற யோசிக்கவே வேணாம். ச ரி க ப த, மேஜர் பென்டடானிக்னு அங்க சொல்றதும் இதுதான். 3-ஆவது ஃப்ரெட்ல 8, 7, 6, 5, 5 ஏ பெடலோட, 4. பி பெடலே தேவையில்ல, அந்த கிறுக்குத்தனமான 2-ஆம் கம்பியும் இல்ல. நான் இப்ப ஆரம்பிக்கிறவங்களுக்கு சங்கராபரணத்துக்கு முன்னாடியே இதைத்தான் கொடுக்கிறேன்.

ஹரிகாம்போதி வேணும்னா நி-யை மட்டும் இறக்கணும், 2-ஆம் கம்பிக்கு இப்ப சொன்ன அரை லிவர். கல்யாணிக்கு ம-வை ஏத்தணும், அதை 6-ல தேடாதீங்க, 5-ஆம் கம்பிய அரை ஸ்வரம் இறக்குற நடு லிவர் உங்க கிட்டார்ல இருந்தா அதுதான் பிரதி மத்யமம், லிவரை விட்டா அப்படியே பஞ்சமம். ம-ல இருந்து ப-வுக்கு லிவரை விட்டு ஏறுறது அவ்வளவு அழகா இருக்கும். எல்லா கிட்டார்லயும் அந்த லிவர் இருக்காது, என்னோடதுல இருக்கு, அது அதிர்ஷ்டம். ஆனா ஸ்வரம் சரியா இருக்குறதால ராகம் வந்துருச்சுன்னு நெனச்சுக்காதீங்க, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கிறது, பாரோட வேலை, அதுக்குப் பாட்டு கத்துக்கிட்டவங்ககிட்ட போயி உக்காருங்க.

என்ன பேட்டர்ன் போடுறது? மேலயும் கீழயும் போயி போரடிக்குது.

போரடிக்கும். வெளிநாட்டுப் புத்தகத்துல எல்லாம் ஒண்ணு ரெண்டு மூணு, ரெண்டு மூணு நாலு, மூணு நாலு அஞ்சுன்னு போட்டு பெரிய ரகசியம் மாதிரி குடுத்திருப்பாங்க. அதை நம்ம ஊர்ல பாட்டு கிளாஸ்ல ஏழு வயசுப் பிள்ளைங்க அலங்காரத்துல சரிக ரிகம கமபன்னு பாடுது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை எல்லாமே அப்படியே இதுல உக்காரும், ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற உறுப்பைப் போட்டு வாங்கும்.

ஜண்டை வரிசைதான் எனக்குப் பிடிச்சது. சச ரிரி கக மம. ஒரே கம்பிய ரெண்டு தடவை மீட்டணும், ரெண்டாவது மீட்டுக்கு முன்னாடி முதல் சத்தம் சாகணும், அப்ப வலது கைக்குச் சரியான வேலை. அதுவும் கக மம வரும்போது ரெண்டும் 6-ஆம் கம்பியிலதான், நாலு மீட்டு, நடுவுல ஒரு மிதி, கை நிக்காம கால் மட்டும் சரியா ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல இறங்கணும். இதை 50 வேகத்துல மெட்ரோனோம் போட்டு ஒழுங்கா வாசிச்சுட்டா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துருங்க.

தாட்டு வரிசை மாதிரி சக ரிம கப மதன்னு ஒண்ணு விட்டு ஒண்ணு தாவுறது இன்னும் கொடுமை, கப முடிஞ்சு மத வரும்போது பி பெடல் முதல்ல, ஏ பெடல் அடுத்து. கணுக்காலைச் சாச்சு ஒரே பாதத்தால ரெண்டு பெடலையும் மாத்தி மாத்தி உருட்டணும். நான் செருப்பில்லாமத்தான் வாசிக்கிறேன், பூட்ஸ் போட்டு வாசிக்கிறவங்களைப் பாத்தா எப்படித்தான் முடியுதோன்னு இருக்கு.

ஒரு விஷயம் மட்டும் கட்டாயம், போன்ல தம்பூரா ஆப்பை ஜி-யில ஓட விட்டுட்டு முதல்ல வாயால பாடுங்க. குரல் நல்லா இருக்கணும்னு இல்ல. வாயில வராத ஸ்வரம் பார்ல வராது, நான் ரெண்டு வருஷம் இதைச் செய்யாம வீணாக்கிட்டேன்.

ரெண்டு கம்பி சேத்து ஸ்கேல் வாசிக்கிறீங்களே, அது எப்படி?

3-ஆம் கம்பியும் 5-ஆம் கம்பியும் மட்டும், ஒரே கிள்ளுல ரெண்டையும். இங்கதான் பாரை நகத்தணும். ஜி-யில 3-ஆவது ஃப்ரெட் பெடல் இல்லாம, அதே 3 ஏ-பி மிதிச்சு, 5 மிதிச்சபடியே, 8 விட்டுட்டு, 10 பெடல் இல்லாம, அதே 10 மிதிச்சு, 13 விட்டுட்டு, 15 விட்டுட்டு. மேல கேக்குற ஸ்வரத்தை மட்டும் கவனிச்சா க-வுல ஆரம்பிச்சு மேல் க-வுல முடியும். இதையே 6, 10 கம்பியில வாசிச்சா ஒரு ஸ்தாயி கீழ. பூசையில நான் வாசிக்கிறதுல முக்கால்வாசி இதுதான், பசங்க என்னமோ மாயம்னு நெனைக்கிறானுங்க.

ஃப்ரெட்டு மேலதான் வைக்கிறேன், ஆனாலும் சுதி சேரல!

ரெண்டு காரணம் இருக்கும். ஒண்ணு கண்ணு. இதுல ஃப்ரெட்டுங்கிறது வெறும் கோடு, பார் அந்தக் கோட்டுக்கு நேர் மேல நிக்கணும், நிக்குதான்னு சாஞ்சு பாத்தா தப்பாத்தான் தெரியும். டயல் கேஜை சைடுல இருந்து படிச்சா ரீடிங் தப்பா வருமே, அதே கதை. 3-ஆவது ஃப்ரெட்ல சரியா இருந்து 15-ல தப்பினா முக்காலிய நகத்திப் போடுங்க. மேல போகப்போக கோடு நெருக்கமாகும், ஒரு நூல் தப்பினாலும் காது கூசும்.

இன்னொண்ணு காந்தாரம், அதாவது க. ட்யூனர்ல பச்சை லைட்டு எரியிற காந்தாரமும் தம்பூரால இழையிற அந்தர காந்தாரமும் ஒண்ணு இல்ல. ட்யூனர் அதை ச-வுல இருந்து 400 சென்ட்டுல வைக்கும் (அரை ஸ்வரம்னா 100 சென்ட்), இழையிறது 386 பக்கம், 14 சென்ட் கம்மி. அதனால ஸ்டீல் வாசிக்கிறவங்க நிறைய பேர் ஜி ஷார்ப் கம்பி ரெண்டையும் கொஞ்சம் இறக்கித்தான் வைப்பாங்க. தனியா வாசிச்சா அமிர்தம். கீபோர்டு கூட சேந்தா அவன் காந்தாரமும் நம்ம காந்தாரமும் மல்லுக்கட்டும், அதனால நான் ஏழெட்டு சென்ட் மட்டும் இறக்கி ரெண்டு பேருக்கும் பொதுவா வச்சுக்கிறேன்.

எல்லா ஸ்வரமும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கொழகொழன்னு கேக்குதே?

வலது உள்ளங்கை ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழ இருக்குற சதை, அது கம்பி மேல படுத்திருக்கணும். மீட்டும்போது லேசா எழும்பி உடனே படுக்கணும். அடுத்த ஸ்வரத்துக்கு முன்னாடி பழசு செத்தாத்தான் ஸ்கேல் ஸ்கேலா கேக்கும். வால்யூம் பெடலை அமுக்கி இதை மறைக்கிறவங்க இருக்காங்க, பழகும்போது அந்தப் பெடலை ஒரே எடத்துல வச்சுட்டுக் காலை எடுத்துருங்க.

உப்புக்காத்துல கம்பி தாங்குமா?

தாங்காது. நமக்கு ரெண்டு பக்கமும் கடல், கச்சான் அடிச்சாலும் வாடை அடிச்சாலும் உப்பு வீட்டுக்குள்ளதான். வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொரு கம்பியா காஞ்ச துணியால மேலயும் கீழயும் துடைக்கணும், மேல ஒரு வேட்டியைப் போத்தணும். கீழ இருக்குற ராடு, கிராங்கு எடத்துல எல்லாம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேணாம், பிசின் மாதிரி பிடிச்சுக்கும், ஒரு தடவை செஞ்சுட்டு ரெண்டு நாள் டீசல்ல கழுவிக்கிட்டு இருந்தேன்.

3-ஆம் கம்பிய மட்டும் எப்பவும் நாலஞ்சு ஸ்பேர் வச்சுக்கோங்க. 11 கேஜு, எல்லாத்துலயும் மெல்லிசு, பி பெடலை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் அது இழுபடுது, அறுந்தா அதுதான் முதல்ல அறும். எனக்கு ஈஸ்டர் ராத்திரிப் பூசையில, அதுவும் எல்லாரும் எந்திரிச்சு நிக்கிற நேரத்துல, டப்புனு போச்சு. பக்கத்துல இருந்த பையன் பயந்துபோயி மெழுகுவத்திய கீழ போட்டுட்டான். ஆன்லைன்ல ஆர்டர் பண்ண செட்டுல ஒருதடவை 3-ஆம் கம்பியே இல்லாம வந்துச்சு, கேட்டா பதிலே இல்ல, அந்தக் கடுப்பு இன்னும் இருக்கு. தனிக் கம்பி வேணும்னா சாதா கிட்டார் செட்டுல 11-ல ஆரம்பிக்கிறது வாங்கி அதுல முதல் கம்பிய எடுத்துக்கலாம்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்க முடியாதுண்ணே, வேற வழி?

ஒரு பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை மடியில படுக்கப் போடுங்க, தலைப்பக்கம் இருக்குற நட்டை உசத்துங்க, இ மேஜர் கார்டுக்கு ட்யூன் பண்ணுங்க. பெடல் கிடையாது, ஆனா பார் பிடிக்கிறதும், சத்தத்தைக் கொல்றதும், சுதியும் இதுலயே பழகிரலாம். பாருக்கு நான் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வெட்டுனதுல மிஞ்சுன ஸ்டெயின்லெஸ் துண்டை லேத்துல கொடுத்து 7/8 இஞ்சுக்குக் கடைஞ்சு, ஒரு முனையை மட்டும் புல்லட் மாதிரி உருட்டி, தண்ணிப் பேப்பர் போட்டு முகம் தெரியிற வரைக்கும் தேச்சேன். கோடு ஒண்ணு இருந்தாலும் கம்பியில கீச்சுனு கேக்கும். கடையில வாங்குன பாரை விட அதைத்தான் இப்பவும் வச்சிருக்கேன்.

சி6 ட்யூனிங்?

அது ஜாஸ் பக்கம், வேற உலகம். இ9-ல மோகனம் தடங்கல் இல்லாம வந்த பிறகு கேளுங்க.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

அரை மணி. அதுல பத்து நிமிஷம் பாடுறது, பத்து நிமிஷம் ஒரே ஒரு வரிசை, மிச்சம் உங்க இஷ்டத்துக்கு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல ஊரே சும்மா இருக்கும், அப்ப நிறைய பழகலாமேன்னு கேக்குறாங்க. போட்டெல்லாம் கரையில ஏத்தி இன்ஜினைப் பிரிக்கிறதே அந்த மாசத்துலதான், எனக்கு அப்பத்தான் மூச்சு விட நேரம் இருக்காது. கையில கிரீஸோட உக்காந்தா பார் வழுக்கிரும். அந்த ரெண்டு மாசமும் வாய்ப்பாட்டு மட்டும்தான், வண்டியில போகும்போது சரிக ரிகம.

ஸ்கேல் வந்துருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? வீட்டுல எல்லாம் ஒப்பாரி மாதிரி இருக்குங்குறாங்க.

எங்கம்மாவும் அதையேதான் சொன்னாங்க, யாரு செத்துட்டான்னு கேட்டாங்க. இந்தச் சத்தம் அழுகுற சத்தம்தான், அதை மாத்த முடியாது.

போன மழைக்கு ஒருநாள் ராத்திரி கரண்ட் போயிருச்சு. ஆம்ப் செத்துப்போச்சு, ஃப்ரெட் கோடு தெரியல, கொசு வேற. எந்திரிக்க சோம்பலா இருந்ததால அப்படியே வாசிச்சேன், ஆம்ப் இல்லாம அந்தக் கம்பி கொசுச் சத்தத்தை விடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி கேக்கும். காதை வச்சே 3-ஆவது ஃப்ரெட்டைத் தேடிப் பிடிச்சு ச ரி க, மிதிச்சு ம, விட்டு ப, மிதிச்சு த, தாவி நி. அங்க ஒரு நிமிஷம் நிறுத்திட்டேன், காலுல கொசு கடிச்சுச்சு, சொறிஞ்சுட்டு மேல் ச-வை வாசிச்சேன். திண்ணையில படுத்திருந்த அம்மா இருட்டுக்குள்ள இருந்து, "அப்பாடா, முடிச்சிட்டியாய்யா, எங்க அப்படியே விட்டுட்டுப் போயிருவியோன்னு நெனச்சேன்"னாங்க.

இல்லம்மா, இனிமே எறங்கணும்னேன்.